இரண்டு அளவு கொடுக்கச் சொன்னவன்

அண்ணி,

நேற்றுச் சாயங்காலம் அடுத்த வீட்டு அம்மா ஒரு பாட்டிலில் மண்ணெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். போர் முடிந்தும் எண்ணெய் இன்னும் அளந்துதான் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் தீர்ந்துபோயிருந்தது. விளக்கில் ஊற்றத் தக்கையைப் பிடுங்கினேன். எண்ணெய் நாற்றத்துக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை வந்தது. ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டது போன்ற தித்திப்பு வாசனை. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் பல் பல்லாகக் கத்தரித்து ஒட்டிய வெள்ளைக் காகிதம் பாதி உரிந்து நின்றது. ஒரு பல், ஒரு வேளை மருந்து. தன் மாமனாருக்குத் தூக்கத்துக்காக வாங்கியது என்றும், அவர் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும் அந்த அம்மா சொன்னார்.

பாட்டிலைக் காலி செய்து கொடுத்துவிட்டுச் சாம்பல் போட்டுக் கை கழுவினேன். மூன்று தடவை கழுவினேன். "அப்படி என்னத்தைத் தொட்டீங்க?" என்று என் மனைவி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. கேட்ட இடத்தில் பதில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம். அது உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

நீங்கள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்திருந்தாலும் இந்தக் கடிதத்தை உங்களால் படித்திருக்க முடியாது. யாரையாவது வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், விஷயம் வெளியே போயிருக்கும். அதையே சாக்காக வைத்து இத்தனை வருடம் எழுதாமல் இருந்தேன். இப்போது அந்தச் சாக்கும் போய்விட்டது.

அப்பா இறந்த பிறகுதான் அம்மாவுக்குத் தூக்கம் விட்டுப்போனது. எழுபதை நெருங்கியிருந்தாள். எல்லாரும் படுத்தபின் எழுந்து ஆட்டுப்பட்டியைத் திறந்து பார்ப்பாள், தண்ணீர்ப் பானையை நகர்த்தி வைப்பாள், திருகையில் கேழ்வரகைப் போட்டு அரைக்கத் தொடங்குவாள். அண்ணன் பகலெல்லாம் காட்டில் உழைத்துவிட்டு வந்தவர், கத்துவார். நீங்கள் ஒரு நாளும் கத்தவில்லை. எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து திருகையின் மறுபிடியைப் பிடித்துக்கொள்வீர்கள். "தூக்கம் வராட்டிப் போவுது, ஒண்டியா முழிச்சிருக்கறதுதானுங்க கஷ்டம்" என்று ஒரு முறை என்னிடம் சொன்னீர்கள். நோய் என்றே நீங்கள் அதை எண்ணவில்லை. துணைக்கு ஆள் வேண்டிய ஒரு நிலை என்று மட்டும் எண்ணினீர்கள். பத்து வருடம் பிள்ளையில்லாமல் அந்த வீட்டில் வாழ்ந்தவர் நீங்கள். விழித்திருக்கிறவர்களுக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

எனக்குத் தெரியவில்லை. நான் படித்தவன். மலையிலிருந்து இறங்கிச் சேந்தமங்கலத்தில் எட்டாவது வரை படித்து, அங்கேயே போர்டு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக ஆனவன். அந்தத் தைப்பொங்கல் விடுமுறைக்கு மேலே வந்தபோது மூன்று நாள் அந்தத் திருகைச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் கெட்டது. மூன்றே நாள். அதற்குள் எனக்கு எரிச்சல் பொங்கியது. அம்மா மேல் இருந்த அக்கறையால் மருந்து வாங்கினேன் என்று பின்னால் பல காலம் சொல்லிக்கொண்டேன். அது பொய். என் தூக்கத்துக்காகத்தான் வாங்கினேன்.

சேந்தமங்கலம் கடைத்தெருவில் ஒரு கம்பவுண்டர் மருந்துக்கடை வைத்திருந்தார். வயதான அம்மா தூங்குவதில்லை என்று சொன்னேன். எத்தனை வயது, வேறு என்ன உபாதை என்று எதுவும் அவர் கேட்கவில்லை. பெரிய கண்ணாடிச் சாடியிலிருந்து ஊற்றிக் குலுக்கி, காகிதம் ஒட்டிக் கொடுத்தார். "படுக்கப் போறப்ப ஒரு அளவு. குழந்தையாட்டம் தூங்குவாங்க" என்றார். இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காரவள்ளியிலிருந்து மலை ஏறினேன். ஏதோ சஞ்சீவியைச் சுமந்து போகிறவன் போல அன்று எனக்கு நடை இருந்தது.

அம்மா முதல் வாய் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக் கொட்டினாள். "உப்புக் கரிக்குது கண்ணு, அப்பறம் இனிக்குது" என்றாள். அன்று தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் முதன்முறையாக ஒரு மரியாதை தெரிந்தது. "படிச்சவன் படிச்சவன்தான்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதன்பிறகு மலைமேல் சோளக்காட்டுச் சந்தைக்குச் சுமை தூக்கிப் போகிறவர்களிடம் தவறாமல் பாட்டில் கொடுத்தனுப்பினேன்.

மாசி கடைசியில் ஒரு அளவு போதவில்லை என்று அண்ணன் சொல்லியனுப்பினார். கம்பவுண்டரிடம் கேட்டேன். "ரெண்டாக் குடுங்க" என்று சாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அதை அப்படியே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அனுப்பினேன். இரண்டு அளவு கொடுக்கவும். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சொல்வார்கள்.

பங்குனியில் நான் வந்தபோது நீங்கள் என்னை ஊற்றுக்குப் போகும் வழியில் நிறுத்தினீர்கள். தலையில் குடம் இருந்தது. அதை இறக்காமலே பேசினீர்கள்.

"தம்பி, அத்தை பகல்லயும் தூங்கறாங்க. எந்திரிச்சா நடை தள்ளாடுது. பேச்சுக் குழறுது. மூஞ்சியெல்லாம் கொப்புளமாப் போட்டிருக்குது, பாத்தீங்களா? வாயில ஒரு நாத்தம் வருதுங்க. இந்த மருந்தக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாக்கலாமுங்களா?"

நான் சொன்ன பதிலை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதுவரை எங்கும் எழுதாதது. "படிக்காதவங்க இதுல தலையிடாதீங்க அண்ணி. குடுக்கச் சொன்னதக் குடுங்க" என்றேன். நீங்கள் குடத்தை ஒரு கையால் சரி செய்துகொண்டு போனீர்கள். குடுக்கச் சொன்னதைக் கொடுத்தீர்கள்.

கோடை விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோதுதான் அது நடந்தது. வைகாசி பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில் நீங்கள் கம்பங்கூழ் கரைத்து அம்மாவிடம் கொண்டுபோனீர்கள். அவள் உங்களை உற்றுப் பார்த்தாள்.

"யாரு நீ?"

"நானுங்க அத்தை. கூழு குடிங்க."

"எம் மருமவ எங்க? அவள எங்க அனுப்புனீங்க?"

கூழ் வட்டலைத் தட்டிவிட்டாள். சுவரில் எறும்பு எறும்பாக ஊர்கிறது என்றாள். அங்கே எதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று முந்தானையைச் சரி செய்துகொண்டாள். என்னை அப்பா என்று நினைத்துவிட்டாள். "வந்துட்டீங்களா, இவங்கள்லாம் யாருன்னே தெரியலீங்க" என்று என்னிடம் பயந்து பயந்து சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் வரை எங்கள் எல்லார் பெயரையும் சொன்னவள். ஒரே இரவில் இப்படி ஆகியிருந்தது. மதியத்துக்குள் வாசலில் அரை ஊர் கூடிவிட்டது. அத்தனை பேர் முன்னால் அம்மா உங்களைக் கைநீட்டிக் காட்டி, "இவ என் சோத்துல என்னமோ வெச்சுட்டா" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அதற்குமுன் அவள் சொன்ன எதையும், எறும்பையும் அப்பாவையும், யாரும் நம்பவில்லை. இதை மட்டும் உடனே நம்பினார்கள். நீங்கள் மலையின் வேறொரு நாட்டிலிருந்து, எங்கள் ஊர்த்தொகுதிக்கு வெளியிலிருந்து, வாழ வந்தவர், பிள்ளை இல்லாதவர், பச்சிலை தெரிந்தவர். மருமகள் மாமியாருக்கு இடுமருந்து வைத்துவிட்டாள் என்று சாயங்காலத்துக்குள் மூன்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணன் கீழே போய், இடுமருந்தை வயிற்றிலிருந்து வெளியே எடுக்கிற மருந்தெடுப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தார். அந்த ஆளின் முகம் இன்றைக்கும் எனக்கு அப்படியே தெரிகிறது. வெற்றிலைக் காவி ஏறிய பல், நெற்றி நிறைய திருநீறு, இடுப்பில் ஒரு துணிப்பை. அம்மாவை வாசலில் வெயிலில் உட்காரவைத்தார். வீட்டில் இருந்த உப்பு முழுவதையும் கொண்டுவரச் சொல்லி ஒரு பானைத் தண்ணீரில் கரைத்தார். கீழேயிருந்து தலையில் சுமந்து வந்து நீங்கள் பத்திரமாகப் புழங்கிய உப்பு அது. அம்மாவின் தாடையைப் பிடித்து ஊற்றினார். வாந்தி எடுத்தாள். மறுபடி ஊற்றினார். அவள் சேலையெல்லாம் நனைந்து, மூக்கில் ஒழுகி, கையைப் பிசைந்துகொண்டு, "வேண்டாம் சாமி, வேண்டாம் சாமி" என்று அழுதாள். ஊர் நின்று பார்த்தது. சிலர் நன்றாகத் தெரிய வேண்டும் என்று திண்டின் மேல் ஏறி நின்றார்கள்.

நீங்கள் அவளைத் துடைத்துவிடக் கிட்டே போனீர்கள். "அவளக் கிட்ட உடாதீங்க" என்று அந்த ஆள் அதட்டினார். அண்ணன் உங்கள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்.

பிறகு ஒரு மூங்கில் குழலை அம்மாவின் வயிற்றில் வைத்து உறிஞ்சினார். தேக்கிலையில் துப்பினார். மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்று விழுந்தது. கூட்டம் மூச்சை இழுத்தது. "வூட்டு ஆளு கைவேல" என்றார்.

அண்ணி, நான் அவருக்கு வலப்பக்கத்தில் நின்றிருந்தேன். வெற்றிலை எடுப்பது போலத் துணிப்பையில் கைவிட்டு, அந்த உருண்டையை எடுத்து வாயில் அடக்கியதை நான் பார்த்தேன். சந்தேகமே இல்லாமல் பார்த்தேன். ஆனால் அந்த ஆளின் மேல் வரும் அருவருப்பு கொஞ்சம்தான். அவருக்கு அது பிழைப்பு. அதைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டு நின்றவனுக்கு அது பிழைப்புகூட இல்லை.

பதினைந்து நாள் உப்புப் போட்ட கஞ்சி தவிர எதுவும் கொடுக்கக்கூடாது, எந்த மருந்தும் கூடாது, மருமகள் கை எதிலும் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுப் பெண் கஞ்சி காய்ச்சினாள். என் பாட்டில் பரணில் ஏறியது. ஐந்தாம் நாள் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பத்தாம் நாள் தள்ளாட்டம் குறைந்தது. பேச்சு தெளிந்தது. ஊருக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? உங்கள் கை விலகியதும் மாமியார் பிழைத்தாள் என்றார்கள்.

எனக்கு மட்டும் வேறொன்று உறுத்தியது. உங்கள் கை விலகிய அன்றேதான் என் பாட்டிலும் விலகியிருந்தது. மலை இறங்கிப் போய்க் கம்பவுண்டரிடம் கேட்டேன்.

"எத்தன நாளாக் குடுத்தீங்க?" என்றார்.

"தையிலிருந்துங்க. அப்பறம் ரெண்டு ரெண்டு அளவா."

அவர் சிரித்தார். "அது பத்து நாளைக்குக் குடுக்கற சரக்கு வாத்தியாரே. பெரியவங்களுக்கு உடம்புலயே தங்கிப்போயிரும். புத்தி தடுமாறும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். நிறுத்திட்டு உப்புப் போட்டுக் கஞ்சி குடுத்தாத் தானாத் தெளிஞ்சிரும்."

"இத ஏன் நீங்க முன்னாடியே சொல்லலீங்க?"

"நீங்க கேக்கலையே. பாட்டில் கேட்டீங்க, குடுத்தேன்."

சொல்லிவிட்டு அடுத்த ஆளின் புட்டியை வாங்கி மோந்து பார்த்தார். அவருக்கு அது அவ்வளவுதான். அந்த ஆளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்க நினைத்தபோதே, "நீங்க கேக்கலையே" என்று அவர் சொன்னது சரிதான் என்றும் தெரிந்தது. ஊற்று வழியில் நீங்கள் கேட்டீர்கள். நான் கேட்கவில்லை.

மறுநாள் ஊர்க்கூட்டம். விடியலில் கிளம்பி மலை ஏறினேன். ஏறும் வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்தேன். தவறு என்னுடையது, மருந்தால் வந்தது, அண்ணி கொடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். மூன்றே வாக்கியம். பாதி மலையில் எதிரே வந்த இரண்டு பேர் சுமையை இறக்கி வைத்துக் கும்பிட்டார்கள். "வாத்தியாரு வாராரு" என்று ஒருவர் மற்றவரிடம் சொன்னார். அந்தக் கும்பிட்டை வாங்கிக்கொண்ட இடத்தில்தான் என் மூன்று வாக்கியமும் ஆட்டம் கண்டன என்று நினைக்கிறேன்.

கோயில் முன்னால் கூட்டம். ஊர்க்கவுண்டர் கேட்க, அண்ணன் நடந்ததைச் சொன்னார். நீங்கள் ஒதுங்கி நின்றீர்கள். உங்கள் முறை வந்தபோது அழவில்லை, கையெடுத்துக் கெஞ்சவில்லை. "சோத்துல நான் ஒண்ணும் வெக்கலீங்க. தம்பி குடுத்தனுப்பின மருந்தத் தவிர வேற எதும் என் கையால குடுக்கலீங்க. தம்பி படிச்சவரு. அவரே சொல்லட்டுமுங்க" என்றீர்கள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஊர்க்கவுண்டர் கேட்டார், "என்ன வாத்தியாரே, அந்த மருந்துல எதாச்சும் கெடுதல் உண்டுங்களா?"

"அந்த மருந்துல கெடுதல் ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

குரல் தெளிவாக வந்தது. பாடம் நடத்துகிற குரல். பெற்ற தாய்க்கு நானே நஞ்சு ஊட்டினேன் என்று ஊர் சொல்லுமே என்ற பயம், ஜுரத்துக்கும் கடிதத்துக்கும் என்னைத் தேடி வருகிறவர்கள் நாளைக்கு வரமாட்டார்களே என்ற கவலை, எல்லாம் அந்தக் குரலுக்குள் ஒளிந்துகொண்டன. வெளியே கேட்டது படித்தவன் குரல் மட்டும். நீங்கள் என்னை ஒரு கணம் பார்த்தீர்கள். பிறகு யாரையும் பார்க்கவில்லை. தாலியைக் கழற்றி ஊர்க்கவுண்டர் முன்னால் வைக்கச் சொன்னபோது மறுபேச்சு இல்லாமல் வைத்தீர்கள்.

அன்று மதியத்துக்குள் கிளம்பினீர்கள். ஒரு மாற்றுச் சேலை, ஒரு அரிவாள். வாசலில் நான் நின்றிருந்தேன். என்னைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்: "பாட்டிலு பரண்ல இருக்குது தம்பி. பாதி மிச்சம். அத்தைக்கு மறுக்காக் குடுத்தறாதீங்க."

உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கம்பவுண்டர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்கு அவள் வாய் நாற்றமும் நடையும் சொல்லியிருந்தன. அந்த நேரத்திலும் அம்மாவுக்கு வேண்டியதைத்தான் சொல்லிவிட்டுப் போனீர்கள். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எத்தனையோ நன்றாக இருந்திருக்கும்.

அம்மாவுக்குப் புத்தி முழுதாகத் திரும்பியபின் அவள் கேட்ட முதல் கேள்வி, "அவ எங்க?" என்பது. அண்ணன் சொன்னார். "நானா அப்படிச் சொன்னேன்?" என்றாள். ஆமாம் என்றார்கள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆடிப்பெருக்கு விடுமுறைக்கு நான் வந்ததும் தடியை எடுத்துக்கொண்டு நின்றாள். "என்ன அவ ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ கண்ணு."

நடந்தோம். பத்துத் தடவை உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தாள். நீங்கள் போய்த் தங்கியிருந்த உங்கள் தம்பி வீட்டை அடையும்போது உச்சி வெயில். நீங்கள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை ஓரம் இருந்தீர்கள். அம்மாவைப் பார்த்ததும் ஓடி வந்தீர்கள். அவள் உங்கள் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். "என் வாயில மண்ணு உழுவ" என்றாள். நீங்கள் அவள் வாயைப் பொத்தினீர்கள்.

நான் தண்ணீர் கேட்டேன். நீங்கள் எழவில்லை. உங்கள் தம்பி மனைவியைக் கூப்பிட்டு, "தம்பிக்குத் தண்ணி மொண்டு குடு" என்றீர்கள். என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நியாயம்தான் என்று எண்ணிக் குடித்தேன். அம்மா உங்கள் கையால்தான் சாப்பிடுவேன் என்று அடம் பிடித்தாள். கொட்டகை ஓரத்தில் மூன்று கல் கூட்டியிருந்த அடுப்பில் சாமைச் சோறு பொங்கி, அவரைக்கொட்டை கடைந்து போட்டீர்கள். சாப்பிட்டுவிட்டு அங்கேயே, சாணம் மெழுகிய தரையில், முந்தானையை விரித்துப் படுத்தவள் தூங்கிவிட்டாள். எந்த மருந்தும் இல்லாமல், பட்டப்பகலில், லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டு. நீங்கள் ஈ ஓட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தீர்கள்.

"அண்ணி, அந்த மருந்து..." என்று தொடங்கினேன்.

"தெரியுமுங்க."

"நான் ஊர்க்கூட்டத்துல சொல்லீர்றேன்."

"சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க."

அதற்குமேல் என்னிடம் நீங்கள் பேசவில்லை. அம்மா விழித்ததும் உங்களைக் கூட வரச் சொன்னாள். "அனுப்புனவரு வந்து கூப்படட்டுமுங்க அத்தை" என்றீர்கள். அண்ணன் வரவில்லை. தை மாதம் வேறு பெண் கட்டினார். நான் சொல்லவில்லை. அடுத்த நோம்பிக்கு ஊர் கூடும்போது சொல்லலாம் என்றேன், அதற்கடுத்த நோம்பிக்கு என்றேன். அண்ணனுக்குப் பிள்ளை பிறந்ததும், இனிச் சொல்லி ஒரு குடும்பத்தைக் கெடுப்பானேன் என்று புதிதாக ஒரு நியாயம் கிடைத்தது. நியாயங்களுக்கு என்னிடம் ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை.

இதிலும் கேவலம் ஒன்று உண்டு. அம்மா இன்னும் மூன்று வருடம் இருந்தாள். பழையபடி தூக்கம் இல்லை. திருகையின் மறுபிடியைப் பிடிக்கவும் ஆள் இல்லை. கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வாய்தான் அவளத் தொரத்திருச்சு கண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அது அவள் வாய் இல்லை, என் மருந்து பேசிய பேச்சு என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "வுடுங்கம்மா, பழசு எதுக்கு" என்றேன். என் பழியைத் தன் பழியாகச் சுமந்துகொண்டு போய்விட்டாள். பெற்றவளிடமே அதைச் சுமக்கக் கொடுத்தேன்.

போன மாசியில் நீங்கள் காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று சந்தைக்கு வந்தவர் சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. எவ்வளவு மலிவான தைரியம் பாருங்கள். இந்த ஆடியில் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தபோது எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கம்பவுண்டர் சொன்னது, உருண்டை, நான் சொன்ன பொய், எல்லாம். யாராவது காறித் துப்புவார்கள் என்று காத்து நின்றேன்.

பழைய ஊர்க்கவுண்டர் இறந்துவிட்டார். அவர் மகன் என் தோளைத் தட்டி, "போனது போச்சு வாத்தியாரே, நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இது?" என்றார். அண்ணன் தன் மூன்று பிள்ளைகளையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "எனக்கும் அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார். நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். பலாப்பழம் அறுத்து வைத்திருந்தார்கள். எனக்கும் ஒரு கை சுளை கொடுத்தார்கள். உங்களை அனுப்பிய கூட்டம் அண்ணி அது. அன்று திண்டில் ஏறி நின்று பார்த்தவர்களில் பாதிப் பேர் அங்கே உட்கார்ந்து சுளை தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்கக் குமட்டியது. அதே குமட்டலில் என் கையிலிருந்த சுளையையும் பார்த்தேன்.

மறுநாள் உங்கள் தம்பி வீட்டுக்குப் போனேன். அவரிடமும் சொன்னேன். மிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்தவர் கேட்டுக்கொண்டே கையால் பரப்பினார். பிறகு சொன்னார்:

"அக்கா எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலீங்க. நாங்களும் கேக்கல. ஆனா எங்க ஊட்ல சின்னப் புள்ளைங்க இருந்துச்சுங்க. ஊரே சொல்லுதேன்னு... அவ கைப்பட்ட சோத்த நாங்க திங்கலீங்க. தண்ணிப் பானையத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டோம். அதுக்குத்தான் கொட்டகைகிட்ட அவளுக்குத் தனியா அடுப்பு. கடசி வரைக்கும் அப்படியேதானுங்க."

"எத்தன வருசம்?" என்றேன். எனக்குத் தெரியாத கணக்கு இல்லை.

"பன்னண்டு" என்றார். மிளகைப் பரப்பிய கை நின்றுபோனது. உள்ளேயிருந்து அவர் மனைவி அழும் சத்தம் கேட்டது.

தண்ணீர் மொண்டு கொடுக்க நீங்கள் ஏன் எழவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கோபம் என்று நினைத்து, அந்தக் கோபத்துக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தேன். தண்டனை கொடுத்துவிட்டீர்கள், நானும் வாங்கிக்கொண்டேன், ஏதோ ஒரு கடன் தீர்ந்தது என்று. நீங்கள் எனக்கு எந்தத் தண்டனையும் கொடுக்கவில்லை. நான் கொடுத்ததை அனுபவித்துக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான்.

மன்னிப்பு கேட்டு இதை எழுதவில்லை. துக்கம் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு யோக்கியதை இல்லை. என் மேல் எனக்குள்ள அருவருப்பு மட்டும் நிஜம். அதையும் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டு போகும்போது மறைத்துவிடுகிறேன். என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு காட்சி. அம்மாவோடு வந்த அன்று பார்த்தது. மேலே எழுதும்போது அதைத் தாண்டிப் போனேன், கை வரவில்லை.

சோற்றை வட்டலில் போட்டு அம்மா முன்னால் வைத்தீர்கள். உங்கள் தம்பி மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கை வைக்குமுன் அந்த வட்டலிலிருந்தே ஒரு பிடி எடுத்து உங்கள் வாயில் போட்டுக்கொண்டீர்கள். வாசற்படியைப் பார்த்தபடி மெதுவாக மென்று விழுங்கினீர்கள். பிறகுதான் வட்டலை அம்மா பக்கம் நகர்த்தினீர்கள். அம்மா சிரித்தாள். "என் வட்டல்ல கை வெக்கறயே, அத்தன பசியா சாமி?"

"ஆமாங்க அத்தை, பசிதானுங்க" என்றீர்கள்.

நானும் பசி என்றே நினைத்தேன்.